தீர விசாரிக்காத காவலாளி

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பொதுக்குழு என்றால் வட்டி, வரதட்சணை, வீண்விரயம் ஆகியவை பற்றி நாம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு தும்மலைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். ஆயினும் இந்தத் தும்மலைச் சரிவரப் புரிந்துகொள்ளாத காரணத்தால் நம் மஹல்லாவின் பிள்ளை ஒருவர் நாற்பது நாள் குர்ஆன் பாடத்தை இழந்தார். அதற்குக் காரணம் வேறு எவரும் அல்லர், நாமே. எனவே இதனை ஒரு மன்னிப்புரையாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம்மால் நேர்ந்த பிழை

மக்தப் மதரஸாவில் ஓதும் பத்து வயதுப் பிள்ளை அவர். காலையில் வந்து அமர்ந்த சற்று நேரத்தில் தும்மத் தொடங்குவார். பத்து, பதினைந்து என அடுக்கடுக்காக வரும். கண்கள் சிவந்து நீர் வடியும். சளி மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று கருதிய நாம், அவரைக் கடைசிப் பாயில், ஜன்னலோரமாக அமர்த்தினோம். அங்கே தும்மல் இன்னும் அதிகமானது. ஓதுவதற்குச் சோம்பல்பட்டுச் செய்கிறாரோ என்றுகூட ஒரு நாள் கடிந்துகொண்டோம். இறுதியில் அவருடைய தந்தையை அழைத்து, "சளி முழுவதும் குணமான பின் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டோம்.

நாற்பது நாள் கழித்துத் தந்தை திரும்பி வந்தார். கையில் மருத்துவரின் சீட்டு இருந்தது. பிள்ளையின் முன்கையில் சிறு சிறு துளிகளாக மருந்தை வைத்து லேசாகக் கீறிச் சோதித்ததில், சீமைக் கருவேல மரத்தின் மகரந்தமும் புல்லின் மகரந்தமும் வைத்த இடங்கள் மட்டும் கொசுக்கடிபோல் தடித்திருக்கின்றன. "ஹழ்ரத், இது தொற்றுகிற சளி இல்லையாம்" என்று அவர் பணிவோடு கூறினார். நாம் அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தோம். அதற்கு நேர் எதிரே மையவாடி. அங்கே சீமைக் கருவேலம் மஞ்சள் கதிர்களாகப் பூத்து நின்றது. எந்தப் பொருளைக் கண்டு பிள்ளையின் உடல் பதறியதோ, அதற்கு முன்னாலேயே அவரைத் தண்டனையாக உட்கார வைத்திருக்கிறோம்!

அன்று முதல் இது பற்றிக் கற்றவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

ரோஜாவின் மீது விழுந்த பழி

நம் முன்னோரில் பெரும் மருத்துவ மேதையான அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ அவர்கள் 865இல் ரய் நகரில் பிறந்தவர்கள். அவர்களுடைய காலத்தில் வாழ்ந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ அவர்களுக்கு ஒரு துன்பம் இருந்தது. இளவேனிற் காலம் வந்து ரோஜா மலர்ந்ததும் மூக்கொழுகலும் தும்மலும் அவர்களைப் பற்றிக்கொள்ளும். ஆண்டுதோறும் அதே பருவத்தில் இது ஏன் நேர்கிறது என்பதற்கு விடையாக ராஸீ அவர்கள் தனியாக ஒரு சிற்றேடு எழுதினார்கள். பருவகால ஒவ்வாமை பற்றி உலகில் எழுந்த மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்றாக அதனை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ரோஜாவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது. அதனைச் சுமந்து செல்வது தேனீ, காற்று அன்று. காற்றில் மிதந்து நம் மூக்கை அடைவது பெரும்பாலும் புற்களும், கவர்ச்சியற்ற சிறு பூக்களை உடைய மரங்களும் உதிர்க்கும் மகரந்தமே. ரோஜா பூக்கும் அதே பருவத்தில் புல்லும் பூக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ரோஜா பழி சுமந்தது. கண்ணுக்குத் தெரியாத புல் தப்பித்துக்கொண்டது. ரோஜாவின் நறுமணம் ஏற்கனவே புண்பட்ட மூக்கை உறுத்தியிருக்கலாம். ஆனால் மூல காரணம் வேறாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1819இல் லண்டனில் ஜான் போஸ்டாக் என்னும் மருத்துவர் தம்முடைய சொந்த நோயையே விவரித்தார். கோடையின் வெப்பமே காரணம் என எண்ணினார். மக்களோ புதிதாக அறுத்த வைக்கோலின் மீது பழி போட்டு, 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயர் வைத்தனர். அது வைக்கோலாலும் வருவதில்லை. அதில் காய்ச்சலும் இல்லை. தவறான அந்தப் பெயர் மட்டும் இன்றளவும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

உண்மையைத் தேடி விசாரித்தவர் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் இந்நோய் இருந்தது. வெப்பம், ஒளி, தூசி, மணம் என ஒவ்வொன்றாகத் தம்மீதே சோதித்து விலக்கினார். புல்லின் மகரந்தத்தை மூக்கில் இட்டபோது நோய் வந்தது. தோலைக் கீறி அதில் வைத்தபோது தடித்தது. பட்டத்தில் பசைத்தகடு கட்டிப் பறக்கவிட்டு, வானின் உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். இவற்றை 1873இல் நூலாக வெளியிட்டார். நம் மஹல்லாப் பிள்ளையின் கையில் அன்று செய்த சோதனை, பிளாக்லி தம் கையில் செய்ததன் வழித்தோன்றலே.

உடலுக்குள் நடப்பது என்ன?

பெரியோர்களே! மகரந்தம் என்பது பூவின் ஆண் அணுவைச் சுமக்கும் நுண்துகள். புல்லின் மகரந்தத் துகள்கள் முப்பதை ஒரே வரிசையில் அடுக்கினால்தான் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அது விஷம் அன்று, கிருமியும் அன்று. அதனால் உடலுக்கு ஒரு கேடும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் அதனைச் சுவாசித்து யாதொரு குறையுமின்றி இருக்கிறோம்.

ஆயின் சிலருடைய உடலில் நடப்பது வேறு. மூக்கின் ஈரச் சவ்வில் மகரந்தம் படிந்ததும் அதிலுள்ள புரதங்கள் சில நிமிடங்களில் கரைந்து வெளிவருகின்றன. சவ்வின் ஓரத்தில் வேவுகாரர்களைப் போலச் சில அணுக்கள் இருக்கின்றன. அவை அப்புரதத்தைப் பிடித்துத் துண்டாக்கி, 'டி' அணுக்கள் என்னும் வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. அந்த 'டி' அணுக்களோ, பழுதாகத் தீர்மானித்து, எதிர்ப்பொருள் தயாரிக்கும் 'பி' அணுக்களுக்கு உத்தரவு கொடுத்துவிடுகின்றன. விளைவாக, இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள் உருவாகிறது. இரத்தத்திலுள்ள ஐவகை எதிர்ப்பொருள்களில் இதுவே அளவில் மிகக் குறைவானது. குடற்புழு முதலிய ஒட்டுண்ணிகளை எதிர்த்து நிற்பது இதன் நற்பணிகளுள் ஒன்று. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை.

இந்த எதிர்ப்பொருள், மூக்கு, கண், நுரையீரல், தோல் ஆகியவற்றில் பரவியிருக்கும் 'மாஸ்ட்' அணுக்களின் மேல் சென்று அமர்கிறது. முதல் சந்திப்பில் ஒரு தும்மலும் வராது. காவலாளியின் கையில் ஆயுதம் கொடுக்கப்பட்டாயிற்று, அவ்வளவுதான். அடுத்த முறை அதே மகரந்தம் வரும்போது, அதன் புரதம் அருகருகே அமர்ந்துள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை ஒரு பாலம்போல் இணைத்துவிடுகிறது. உடனே அந்த அணு தன்னுள் தேக்கி வைத்துள்ள ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், மூக்கொழுகல், கண்ணீர் யாவும் தொடங்குகின்றன. சில மணி நேரம் கழித்து வேறு வகை வெள்ளணுக்கள் வந்து குவிவதால் இரண்டாம் முறையாக மூக்கடைப்பு ஏற்படுகிறது. காலையில் பட்ட மகரந்தத்திற்கு மாலையிலும் மூக்கு அடைத்துக்கொள்வது இதனாலேயே.

இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிய நெடுங்காலம் பிடித்தது. 1906இல் வியன்னாவின் கிளெமென்ஸ் வான் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். 1921இல் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தனர். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய இரத்த நீரைப் பிராஸ்னிட்ஸின் தோலில் செலுத்தி, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது தோல் தடித்தது. ஆகவே குற்றவாளி இரத்தத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. அது இன்னதென்று கண்டறிந்து 1966இல் அறிவித்தவர்கள், அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசகா, தெருகோ இஷிசகா ஆகியோர். அக்காலத்திலேயே சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் அதே பொருளைத் தனியே கண்டனர். 1968இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியது.

குற்றம் சாட்டப்பட்ட புரதங்கள்

மகரந்தத்தில் ஏராளமான புரதங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிலவே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. அவற்றுக்கு உலகு தழுவிய பெயரிடும் முறை ஒன்று உண்டு. தாவரத்தின் அறிவியல் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து, எண் ஒன்றைச் சேர்ப்பர். நம் அறுகம்புல்லின் முதன்மையான புரதம் 'சின் டி 1'. சீமைக் கருவேலத்தின் புரதம் 'ப்ரோ ஜே 1'. ஐரோப்பாவின் பிர்ச் மரத்தில் உள்ளது 'பெட் வி 1'. 1989இல் வியன்னா ஆய்வாளர்கள் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்ததே மகரந்த ஒவ்வாமைப் புரதங்களுள் முதலாவதாகும்.

இவை நம்மைத் தாக்குவதற்காக உண்டானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தாவரத்தில் ஒரு வேலை உண்டு. புல்லின் முதலாம் வகைப் புரதம், பூவின் சூலகத்துக்குள் மகரந்தக்குழல் இறங்குவதற்கு வழிவிடும்படி அணுச்சுவரைத் தளர்த்துகிறது. சூலகத்துக்குச் செல்லவேண்டிய துகள் காற்றில் வழிதவறி மனிதனின் மூக்கில் விழுந்துவிட்டது. அங்கே அதன் புரதம் திருடனாகக் கருதப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. 'ப்ரோஃபிலின்' என்னும் புரதம் எல்லாத் தாவரங்களிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் அமைந்திருக்கிறது. சீமைக் கருவேலத்தின் 'ப்ரோ ஜே 2' அந்த இனமே. ஒருவரின் உடல் ஒரு மரத்தின் ப்ரோஃபிலினை எதிரியாக எழுதிக்கொண்டால், அதே முகச்சாயல் உள்ள வேறு மகரந்தங்களையும் எதிரியாகக் கருதும். தோல் சோதனையில் பத்துத் தாவரங்களுக்குத் தடிப்பு வந்தால் பத்தும் குற்றவாளி என்று முடிவு செய்யாமல், நோயாளிக்கு எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் துன்பம் வருகிறது என்பதையும் மருத்துவர் கேட்டறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணத் தும்மல்தானே?

அவ்வாறு எண்ணிவிடக் கூடாது. 2016 நவம்பர் 21 அன்று மாலை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடியுடன் கூடிய புயல் வீசியது. அது புல் பூக்கும் பருவம். ஈரத்தில் புல்லின் மகரந்தம் வெடித்து, அதனுள் இருந்த மிக நுண்ணிய துணுக்குகள் காற்றில் கலந்தன. முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும். இத்துணுக்குகளோ நுரையீரலின் ஆழம் வரை சென்றன. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நோக்கி ஓடினர். பத்துப் பேர் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பாதிக்கப்பட்டோரில் பலருக்கு ஆஸ்துமா இருப்பதாக அதற்குமுன் எவரும் சொன்னதில்லை. மூக்கு ஒவ்வாமை மட்டுமே இருந்தது. தெற்காசியாவில் பிறந்தோர் தம் மக்கள்தொகை விகிதத்தை விட அதிகமாகப் பாதிக்கப்பட்டதையும் ஆய்வாளர்கள் குறித்துள்ளனர். வெளிநாடுகளில் பிள்ளைகள் வாழும் பெற்றோர் இதனை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். சீமைக் கருவேலத்தின் மகரந்தம் வளைகுடா நாடுகளிலும் ஒவ்வாமைக்கு அறியப்பட்ட காரணமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜமாஅத்தார் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள்

முதலாவது, தும்முகிறவரை ஒதுக்காதீர்கள். ஒவ்வாமை தொற்றாது. அதே நேரத்தில், தும்மும்போது முகத்தைக் கையாலோ துணியாலோ மூடிக்கொள்வது நம் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த ஒழுக்கம். தும்மல் தொற்றுநோயால் வந்ததா, ஒவ்வாமையால் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் நமக்குத் தெரியாது. ஆகவே ஒழுக்கத்தை எல்லோரும் பேணுவோம்; தீர்ப்பை மருத்துவரிடம் விடுவோம். காய்ச்சல் இன்றி, அரிப்போடு, அதே இடத்தில் அல்லது அதே பருவத்தில் திரும்பத் திரும்பத் தும்மல் வந்தால் ஒவ்வாமையோ என்று ஐயுற்று மருத்துவரை அணுகுங்கள்.

இரண்டாவது, மருந்தைப் பற்றியது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளுள் பழையவை தூக்கத்தை உண்டாக்கும். அவற்றை உண்டு வாகனம் ஓட்டுவது ஆபத்து. மூக்கில் அடிக்கும் மருந்தின் பயன் சில நாள் தொடர்ந்தால்தான் முழுமையாகத் தெரியும். ஒரே நாளில் கைவிட்டுப் பயனில்லை என்று சொல்லாதீர்கள். உடனடி நிவாரணம் என்று கேட்டு அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது எலும்புக்கும் சர்க்கரைக்கும் கேடு. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று ஆண்டு அளவில் தொடர்ந்து கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் தொடங்கி, அவருக்குப்பின் ஜான் ஃப்ரீமன் வளர்த்த முறை அது. அவசரப்பட்ட காவலாளியை அடித்து விரட்டாமல், 'இவர் நம் அண்டை வீட்டார்' என்று பல முறை அறிமுகப்படுத்திப் பழக்குவது போன்றது. தகுதியுள்ள மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே இதனைச் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ரமளான் மாதம். நோன்பைக் காரணம் காட்டி இளைப்பு நோயாளிகள் இன்ஹேலரை நிறுத்திவிடுவதை நாம் அறிவோம். மாத்திரைகளையும், அன்றாடம் எடுக்கும் இன்ஹேலரையும் ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பகலில் மூச்சுத் திணறல் வந்துவிட்டால் தயங்காமல் மருந்தை எடுங்கள். அதனால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது; நோன்பைக் களாச் செய்துகொள்ளலாம். போன உயிரைக் களாச் செய்ய முடியாது.

நான்காவது, உளூ பற்றி ஒரு விளக்கம். உளூவில் மூக்குக்கு நீர் செலுத்துவதால் எந்த நோயும் வராது என்று சிலர் பேசுகிறார்கள். நாம் அவ்வாறு சொல்வதில்லை. உளூ ஒரு வணக்கம். அதனை மருந்துக் கடைச் சரக்காக்க வேண்டாம். மூக்கை உப்புநீரால் கழுவுவது ஒவ்வாமைத் துன்பத்தைக் குறைக்கிறது என்பது மருத்துவ உண்மை. ஆனால் அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரே வேண்டும். குழாய் நீரையோ ஹவுளின் நீரையோ மூக்கின் உச்சி வரை உறிஞ்சுவது அதற்கு ஈடாகாது; ஆபத்தும் உண்டு.

ஐந்தாவது, பள்ளிவாசலும் மையவாடியும். புகையும் கடும் வாசனையும் ஏற்கனவே புண்பட்ட மூக்கை மேலும் உறுத்தும். ஜும்ஆ நாளில் சாம்பிராணியைத் தொழுகைக்கு நெடுநேரம் முன்பே இட்டு, ஜன்னல்களைத் திறந்து விடுவோம். அத்தர் பூசுவது சுன்னத். அடுத்தவர் மூச்சு முட்டும் அளவு பூசுவது சுன்னத் அன்று. மையவாடியின் சீமைக் கருவேலத்தைத் தேனீக்கள் நாடினாலும், அதன் மகரந்தம் காற்றிலும் கலக்கிறது. அதனை அகற்ற நிர்வாகம் இசைந்திருப்பதற்கு நன்றி. அங்கே பரவியுள்ள பார்த்தீனியச் செடியையும் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். 1950களில் புணே பகுதியில் கவனத்திற்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவிய களை இது. இதன் மகரந்தமும் ஒவ்வாமை தரும். இதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் வெடித்துப் புண்ணாகும். எனவே களப்பணிக்கு வரும் இளைஞர்கள் கையுறையும் முகத்துணியும் அணிந்து வாருங்கள். தும்மல், இளைப்பு உள்ளவர்கள் அன்று வீட்டில் இருந்து துஆச் செய்யுங்கள்; நன்மையில் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

முடிவாக...

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு இழைத்துப் பின்னர் வருந்தும் நிலை வேண்டாம் என எச்சரிக்கிறது. இந்த வசனத்திற்கு எத்தனையோ முறை நாம் பயான் செய்திருக்கிறோம். ஆயினும் ஒரு சிறு பிள்ளையின் தும்மலில் அதனை மறந்தோம். உடலின் காவல் அணுக்கள் விசாரிக்காமல் தாக்குகின்றன. அவற்றுக்கு அறிவு கொடுக்கப்படவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எனவே நம்மிடம் கேள்வி கேட்கப்படும்.

அந்தப் பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டார். இப்போது முதல் பாயில், உட்சுவர் ஓரமாக அமர்ந்து ஓதுகிறார். தும்மல் முற்றிலும் நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது. தும்மியதும் அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அவருக்காக ரஹ்மத்தை வேண்டுகிறது. அவர் விடுபட்ட பாடங்களை நிறைவு செய்ய நாம் மஃரிபுக்குப் பின் தனியே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நம் பிழைக்கு நம்மால் இயன்ற களா அதுவே.

வல்ல நாயன் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், நமக்குத் தீர விசாரிக்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.